இறுவட்டுகளை அறிந்துகொள்ளல்: வீசிடி, டிவிடி, புளூரே பற்றி ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழுள்ள இழுப்பறையையோ அலுமாரியின் மேல்தட்டையோ திறந்தால், இன்றும் ஒரு கட்டு இறுவட்டுகள் அகப்படும். அவற்றுள் தமிழ்த் திரைப்படங்கள் இருக்கும். பிள்ளைகளுக்கென வாங்கிய கார்ட்டூன்கள் இருக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வாங்கிய பக்திப் பாடல்கள், ஒரு நாதஸ்வர தவில் கச்சேரி, பாடசாலை மண்டபத்தில் மேடையேறிய நாட்டுக்கூத்து, அக்காவின் கல்யாணவீடு, தங்கையின் சாமத்தியவீடு, ரொறன்ரோவிலிருந்து மாமா அனுப்பிய பிறந்தநாள் விழா என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். அவை அனைத்தும் 12 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட, பார்வைக்கு ஒரே மாதிரியான தட்டுகள். ஆனால், உள்ளே பதிந்திருக்கும் முறையிலும், எந்தக் கருவியில் ஓடும் என்பதிலும், எத்தனை காலம் தாங்கும் என்பதிலும் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடுகள் உண்டு. அந்த வேறுபாடுகளைத் தெரிந்துகொண்டால், எந்தத் தட்டை எப்படிப் பார்ப்பது என்பது மட்டுமல்லாமல், எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் ஒரு தட்டு எவ்வாறு படத்தைத் தாங்கிக்கொள்கிறது என்பதைப் பார்க்கலாம். பழைய வீடியோ கசெற்றில் காந்தப் பூச்சுள்ள நாடா ஒன்று இருந்தது, ‘டெக்’கின் தலை அந்த நாடாவை உரசிக்கொண்டே படித்தது, அதனால் ஒரு படக் கொப்பி எத்தனை தடவை ஓடியதோ அத்தனை தடவை தேய்ந்தது. இறுவட்டில் எந்தப் பொருளும் தட்டைத் தொடுவதில்லை. பொலிகாபனேற்று என்ற தெளிந்த பிளாஸ்டிக்கில் மிக நுண்ணிய குழிகள் பதிக்கப்பட்டு, அதன்மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் அலுமினியப் படலம் பூசப்பட்டிருக்கும். கருவியினுள் இருக்கும் லேசர்க் கதிர் கீழிருந்து பாய்ந்து இந்தப் படலத்தில் பட்டுத் திரும்புகிறது. குழியின் விளிம்பைக் கடக்கும்போது திரும்பிவரும் ஒளியின் வலிமை மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கருவி 1 என்றும், மாற்றமில்லாத இடைவெளியை 0 என்றும் எடுத்துக்கொள்கிறது. இந்த 1களும் 0களும் சேர்ந்துதான் படமாகவும் ஒலியாகவும் விரிகின்றன. குழிகள் தட்டின் நடுவிலிருந்து தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரே பாதையில் அமைந்துள்ளன. ஒரு சாதாரண சீடியில் அந்தப் பாதையை நீட்டிவைத்தால் 5 கிலோமீற்றருக்கு மேல் வரும். டிவிடியில் அது ஏறத்தாழ 12 கிலோமீற்றர், அதாவது யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே சென்றால் சுன்னாகத்தையும் தாண்டிவிடும் தூரம்.

சீடி, டிவிடி, புளூரே என்ற மூன்று தலைமுறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். வேறுபடுவது லேசரின் அலைநீளம். 1982இல் சந்தைக்கு வந்த சீடி 780 நனோமீற்றர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தியது. டிவிடிக்கு 650 நனோமீற்றர் சிவப்புக் கதிரும், புளூரேக்கு 405 நனோமீற்றர் நீல ஊதாக் கதிரும் பயன்படுகின்றன. எழுத்தாணி எவ்வளவுக்குக் கூராக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஓலையில் எழுத்தைச் சிறிதாக எழுதலாம் என்பதைப் போல, அலைநீளம் குறையக் குறைய லேசரின் புள்ளியும் சிறிதாகி, குழிகளையும் சுருளின் இடைவெளியையும் நெருக்கமாக்க முடிகிறது. சீடியில் அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளி, டிவிடியில் 0.74, புளூரேயில் 0.32. இதன் விளைவாகவே சீடியில் ஏறத்தாழ 700 மெகாபைட்டும், ஒற்றைப் படலமுள்ள டிவிடியில் 4.7 ஜிகாபைட்டும், ஒற்றைப் படலமுள்ள புளூரேயில் 25 ஜிகாபைட்டும் அடங்குகின்றன.

வீசிடி என்பது தனியான ஒரு தட்டு அன்று. அது படம் பதியப்பட்ட சீடிதான். அதற்கான நியமம் 1993இல் வகுக்கப்பட்டது. பாட்டுச் சீடியை வாசிக்கும் அதே வேகத்தில் படத்தையும் வாசிக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் வகுக்கப்பட்டதால், ஒரு வீசிடியில் 74 முதல் 80 நிமிடம் வரையான படம் மட்டுமே அடங்கியது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டுகள் வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவே. இடைவேளையில் எழுந்துபோய்த் தட்டை மாற்றிய தலைமுறையினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, 1990க்குப் பின் ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாதிருந்து, ஜெனரேற்றர் வைத்து டெக்கில் படம் போட்ட காலத்தைக் கடந்து, 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறக்கப்பட்டுப் பொருள்கள் தாராளமாக வரத் தொடங்கியபோது, வெளியுலகில் கசெற்றின் காலம் முடிந்து இறுவட்டின் காலம் தொடங்கிவிட்டிருந்தது. ஆகவே நம்மில் பலருடைய சேகரிப்பின் அடித்தட்டில் இருப்பவை வீசிடிகள்தாம்.

வீசிடியில் படம் ஏன் தெளிவற்று, சில இடங்களில் கட்டம் கட்டமாக உடைகிறது என்பதை அறிய, சுருக்குதல் என்ற கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தச் சுருக்கமும் செய்யாமல், தொலைக்காட்சித் தரத்திலான வண்ணப் படத்தை அப்படியே பதிந்தால், ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 15 மெகாபைட் இடம் வேண்டும், 4.7 ஜிகாபைட் டிவிடிகூட ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். அதனால், ஒவ்வொரு படச்சட்டத்தையும் முழுமையாகச் சேமிக்காமல், இடைக்கிடையே ஒரு முழுச் சட்டத்தை வைத்து, மற்றவற்றில் முந்திய சட்டத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் சேமிக்கிறார்கள். தவில் வித்துவான் ஒருவர் மேடையில் அமர்ந்து வாசிக்கும் காட்சியில் கைகளும் முகமும் மட்டுமே அசைவதால், மாறும் பகுதி குறைவு. சிறிய இடத்திலேயே தெளிவாகப் பதியலாம். மழையில் நூறு பேர் ஆடும் பாடற்காட்சியில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. வீசிடி ஒரு வினாடிக்குப் படத்துக்கென ஒதுக்கும் 1150 கிலோபிட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) அப்போது போதாமல், நுண்விவரங்கள் கைவிடப்பட்டு, படம் சதுரங்களாகத் தெரிகிறது. தட்டு பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உண்மையில் அது பதிவிலேயே உள்ள குறை.

டிவிடி 1996 நவம்பரில் யப்பானில் அறிமுகமானது. வீசிடியின் படச்சட்டம் 352×288 புள்ளிகளைக் கொண்டது; நமது நாட்டில் வழங்கும் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையிலான டிவிடியின் சட்டம் 720×576 புள்ளிகள், அதாவது நான்கு மடங்கு. சுருக்கும் முறையும் மேம்பட்டது: அமைதியான காட்சிக்குக் குறைவாகவும், ஆரவாரமான காட்சிக்கு அதிகமாகவும் இடத்தைப் பங்கிட்டுக் கொடுக்க முடிந்தது. படத்துக்கென ஒரு வினாடிக்கு 9.8 மெகாபிட் வரை வழங்கலாம். ஆனால், டிவிடி என்று மேலே எழுதியிருப்பதனாலேயே படம் தெளிவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ‘மூன்று படங்கள் ஒரே டிவிடியில்’ என்று விற்கப்பட்ட தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரப் படம் மூன்றென்றால் 450 நிமிடம்; 4.7 ஜிகாபைட்டை அதற்குப் பங்கிட்டால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 1.4 மெகாபிட்தான் கிடைக்கிறது. அது படமும் ஒலியும் சேர்ந்து வீசிடியில் கிடைத்த அளவே. பெயர் டிவிடியானாலும், கிடைப்பது பெரும்பாலும் வீசிடியின் தரந்தான். ஒரு படத்தை அதன் ஒளிப்பதிவுக்காகவும் இசைக்காகவும் பார்க்க விரும்புபவர், ஒரு தட்டில் ஒரே படம் உள்ள அசல் வெளியீட்டையே தேடிப் பெறுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

டிவிடியின் உண்மையான சிறப்பு, படத்தோடு சேர்த்து அது சுமக்கும் மற்றவற்றில் இருக்கிறது. ஒரே படத்துக்கு எட்டு வரையான ஒலித் தடங்களையும், 32 வரையான துணையெழுத்துத் தடங்களையும் அதில் வைக்கலாம். துணையெழுத்துகள் எழுத்துகளாக அல்லாமல் சிறு படங்களாகவே சேமிக்கப்படுவதால், கருவிக்குத் தமிழ் எழுத்துரு தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. தமிழோ சிங்களமோ எந்த எழுத்தும் பிசகின்றித் திரையில் தோன்றும். ஒஸ்லோவிலும் பாரிசிலும் பிறந்து, தமிழ் கேட்டால் அரைகுறையாக மட்டுமே விளங்கும் பேரப்பிள்ளைகள், விடுமுறைக்கு வந்து அம்மம்மாவுடன் அமர்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்க்க முடிவது ஆங்கிலத் துணையெழுத்தின் உதவியால்தான். தமிழ்ப் பட டிவிடிகளில் பாடல்களுக்கென்றே தனியான பட்டியல் இருப்பதும், வேண்டிய பாட்டுக்கு நேரே தாவலாம் என்பதும் நமக்குப் பழகிய வசதிகள்.

இரட்டைப் படலமுள்ள டிவிடியில் 8.5 ஜிகாபைட் வரை அடங்கும். அதன் அடிப்பக்கம் மெல்லிய பொன்னிறமாகத் தெரியும். லேசர் முதற்படலத்தை நடுவிலிருந்து விளிம்புவரை வாசித்து முடித்து, குவியத்தை மாற்றிக்கொண்டு, இரண்டாம் படலத்தைப் பெரும்பாலும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வாசிக்கிறது. நீண்ட படம் ஒன்றின் நடுப்பகுதியில் காட்சி ஒரு கணம் உறைந்து மீண்டும் ஓடுவது அந்த மாற்றத்தாலேயே. அது பழுது அன்று.

வெளிநாட்டிலிருந்து வந்த தட்டு இங்கே ஓடாமல் போவதும், இங்கிருந்து அனுப்பிய தட்டு அங்கே ஓடாமல் போவதும் நம் குடும்பங்களில் அடிக்கடி நிகழும் சிக்கல். இதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உள்ளன. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது வலயக் குறியீடு. திரைப்பட நிறுவனங்கள் ஒரு படத்தை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு காலத்தில் வெளியிட விரும்பியதால், உலகத்தை ஆறு வலயங்களாகப் பிரித்து, தட்டிலும் கருவியிலும் எண்ணைப் பதித்தன. கனடாவும் அமெரிக்காவும் 1ஆம் வலயம், ஐரோப்பாவின் பெரும்பகுதியும் யப்பானும் 2, அவுஸ்திரேலியா 4, இலங்கையும் இந்தியாவும் 5. தட்டின் எண்ணும் கருவியின் எண்ணும் பொருந்தாவிட்டால் கருவி படத்தைக் காட்ட மறுக்கும். உறையின் பின்புறத்தில் உலக உருண்டை போன்ற சிறு படத்தினுள் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். எல்லா வலயத்துக்கும் பொதுவாக வெளியிடப்பட்ட தமிழ்ப் படத் தட்டுகளும் நிறைய உண்டு. வீசிடிக்கு வலயக் குறியீடு கிடையாது.

இரண்டாவது காரணம் தொலைக்காட்சி முறை. இலங்கை, இந்தியா, ஐரோப்பாவின் பெரும்பகுதி, அவுஸ்திரேலியா ஆகியவற்றில் வழங்கிய பால் முறையில் ஒரு வினாடிக்கு 25 சட்டங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வழங்கிய என்ரிஎஸ்சி முறையில் ஏறத்தாழ 30. இங்கு விற்கப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். வட அமெரிக்காவில் விற்கப்பட்டவற்றுள் பல பால் தட்டுகளை ஏற்பதில்லை. எனவே, கொக்குவிலில் நடந்த சாமத்தியவீட்டின் டிவிடி ரொறன்ரோவில் ஓடவில்லையென்றால், அதற்குக் காரணம் வலயம் அன்று. கடையில் பதிந்து தரும் குடும்ப வீடியோவுக்கு வழக்கமாக வலயக் குறியீடே இருக்காது. வீடியோ எடுப்பவரிடம் கனடாவுக்கென ஒரு பிரதியை என்ரிஎஸ்சி முறையில் தரும்படி முன்கூட்டியே கேட்பதே தீர்வு. அல்லது, அங்கே கணினியில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம், கணினிக்கு இந்த வேறுபாடு பொருட்டன்று.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரைப்படம் ஒரு வினாடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது. பால் டிவிடியில் அதை 25 சட்டங்களாக ஓட்டும்போது படம் 4 சதவீதம் விரைவாகச் செல்கிறது: 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலியைத் திருத்தாமல் விட்டால் சுருதியும் அரைக் கட்டையை நெருங்கும் அளவுக்கு ஏறிவிடும். திரையரங்கில் கேட்ட பாட்டு வீட்டில் சற்று உயர்ந்து கேட்கிறது என்று சங்கீதம் பயின்ற ஒருவர் சொன்னால், அவருடைய காது பிழைக்கவில்லை.

புளூரே 2006இல் சந்தைக்கு வந்தது. அதன் 1920×1080 சட்டம் டிவிடியினுடையதைவிட ஐந்து மடங்கு புள்ளிகளைக் கொண்டது; இரட்டைப் படலத்தில் 50 ஜிகாபைட் அடங்கும். வலயங்கள் ஏ, பி, சி என்று மூன்றாகக் குறைக்கப்பட்டன. இலங்கை சி வலயத்தில் அடங்குகிறது. 2016இல் வந்த அல்ட்ரா எச்டி புளூரேயில் படத்தின் புள்ளிகள் மேலும் நான்கு மடங்காயின. வலயக் குறியீடும் அங்கே கைவிடப்பட்டது. எனினும், யாழ்ப்பாணத்து வீடுகளில் புளூரே பெரிதாக இடம்பிடிக்கவில்லை. பெரிய திரையும் நல்ல ஒலியமைப்பும் இருந்தால் அதன் அருமை தெரியும். அவை இல்லாதவருக்கு ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட டிவிடியே போதும்.

இனி, இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ஒரு சேகரிப்பிலுள்ள தட்டுகளை வீசிடி, டிவிடி என்று பிரிப்பதைவிட, அச்சிட்ட தட்டு, எழுதிய தட்டு என்று பிரிப்பதே பயனுள்ளது. திரைப்பட நிறுவனம் ஆயிரக்கணக்கில் வெளியிடும் தட்டு, தொழிற்சாலையில் ஓர் அச்சிலிருந்து வார்க்கப்படுகிறது. அதன் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே உருவானவை. ஒழுங்காக வைத்திருந்தால் அவை மறையப்போவதில்லை. வீடியோக் கடையில் கணினியில் எழுதித் தரும் தட்டில் அப்படிக் குழிகள் எவையும் இல்லை. அதில் ஒரு சாயப்படலம் இருக்கிறது. எழுதும் கருவியின் வலிமையான லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, ஒளியைத் திருப்பும் தன்மையை மாற்றுகிறது. வெயில், வெப்பம், ஈரப்பதம் என்பன காலப்போக்கில் அந்தச் சாயத்தைச் சிதைக்கின்றன. நல்ல தயாரிப்பாக இருந்து, கவனமாக எழுதி, இருளில் வைத்திருந்த தட்டுகள் இருபது ஆண்டு கடந்தும் ஓடுகின்றன. மலிவானவை சில ஆண்டுகளிலேயே ஓடாமல் போகின்றன. வெளியிலிருந்து பார்த்து இதை முன்கூட்டியே சொல்ல முடியாது.

இதிலுள்ள கவலைக்குரிய விடயம் என்னவென்றால், கடையில் மீண்டும் வாங்கக்கூடிய, இணையத்திலும் காணக்கூடிய திரைப்படம் உறுதியான தட்டில் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத கல்யாணவீடும், கோவில் தேர்த்திருவிழாவும், இன்று நம்மிடையே இல்லாத ஒரு அண்ணாவியார் ஆடிய கூத்தும் நலிந்த தட்டில் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் விலைகொடுத்து வாங்கிய படத்தைப் பெட்டியோடு பேணிவிட்டு, வீடியோக்காரர் தந்த தட்டை மெல்லிய பொலித்தீன் உறையோடு அலுமாரியின் மேலே போட்டுவிடுகிறார்கள். முறை தலைகீழாக இருக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. தட்டை ரியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, எழுத்து அச்சிடப்படாத பக்கத்தைச் சற்றுச் சரித்துப் பாருங்கள். அச்சிட்ட தட்டு வெள்ளி நிறமாக, கண்ணாடிபோல் மின்னும். எழுதிய சீடி பச்சையோ நீலமோ கலந்து தெரியும். எழுதிய டிவிடி பெரும்பாலும் ஊதா நிறமாக இருக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால், எழுதிய தட்டில் நடுவிலிருந்து ஒரு வளையம்வரை ஒரு சாயலும், அதற்கப்பால் வேறொரு சாயலும் இருப்பதைக் காணலாம். அந்த எல்லைக்கோடுவரைதான் தரவு எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு வெளியே உள்ளது வெறுமையான சாயம். மேலே என்ன எழுதியிருந்தாலும், தட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதை இந்தக் கோடு காட்டிவிடும். விளிம்புவரை நிறைந்த தட்டானால் கூடுதல் கவனம் தேவை. எழுதிய தட்டுகள் பொதுவாக வெளிவிளிம்பை அண்டிய பகுதியிலேயே முதலில் பழுதடைகின்றன. சுருள் நடுவிலிருந்து தொடங்குவதால், அந்தப் பகுதி படத்தின் இறுதிக் கட்டமாக இருக்கும். ஆகவே, ஒரு தட்டு நன்றாக இருக்கிறதா என்று சோதிப்பவர் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது; கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

கீறல் விடயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. மின்னும் அடிப்பக்கத்தையே எல்லோரும் கவனமாகப் பாதுகாக்கிறார்கள். ஆனால் சீடியிலும் வீசிடியிலும் தரவு இருக்கும் படலம், பெயர் எழுதப்பட்ட மேற்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. அடிப்பக்கத்தில் விழும் கீறல் ஒரு மில்லிமீற்றருக்கு மேலான பிளாஸ்டிக்கைத் தாண்ட வேண்டும். மேற்பக்கத்தில் விழும் கீறல் தரவையே உரித்துவிடும். குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதுவதும், ஒட்டிய தாளைப் பிய்த்தெடுப்பதும் இப்படித்தான் தட்டைக் கெடுக்கின்றன. டிவிடியில் 0.6 மில்லிமீற்றர் தட்டுகள் இரண்டை ஒட்டி, தரவை நடுவில் வைத்திருப்பதால், அதன் மேற்பக்கம் ஓரளவு பாதுகாப்பானது. புளூரேயில் தரவு அடிப்பக்கத்துக்கு 0.1 மில்லிமீற்றர் ஆழத்திலேயே இருப்பதால், அங்கே கடினமான காப்புப் பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள்.

சிறு கீறல்களைக் கருவியே சமாளித்துக்கொள்ளும். ஒவ்வொரு தரவுத் துண்டோடும் அதைச் சரிபார்க்கும் மேலதிக எண்கள் சேர்த்து எழுதப்பட்டு, தரவும் பாதையில் இடம்விட்டுப் பரப்பப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் சிறிது அழிந்தாலும் மீதியிலிருந்து அதைக் கணித்தெடுக்க முடிகிறது. கூடுதல் நேரத்துக்குப் படத்தை அடக்க வேண்டியிருந்ததால், வீசிடியில் இந்தப் பாதுகாப்பின் ஒரு படி விடப்பட்டது; அதனாலேயே வீசிடிகள் கீறலுக்கு எளிதில் திணறுகின்றன. துடைக்கும்போது பழைய மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து, அதில் ஒரு மணல் துகள் கீறினால், அந்தக் கீறல் பாதையின் வழியே நீண்டு, தொடர்ச்சியான தரவை அழித்துவிடும். அழுக்கு அதிகமாக இருந்தால் மென்மையான சவர்க்கார நீர் போதும். பெற்றோல், தின்னர் போன்றவற்றை அருகிலும் கொண்டுவரக் கூடாது.

சேமித்து வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, சித்திரை வைகாசி வெயிலில் காயும் தகரக் கூரைக்குக் கீழேயுள்ள மேல்தட்டைவிட, வீட்டின் உள்ளறையிலுள்ள மர அலுமாரியின் நடுத்தட்டே சிறந்தது. ஒவ்வொன்றையும் அதற்குரிய பெட்டியில் இட்டு, நூல்களை அடுக்குவதுபோல் நிறுத்தி வைக்கலாம். சன்னலருகே வெறும் தட்டாக விட்டுவைத்தால் அந்த வெளிச்சமே சாயத்துக்கு எதிரி.

எவ்வளவு பேணினாலும் எழுதிய தட்டை நிரந்தரமென்று நம்ப முடியாது. அதிலுள்ளதைக் கணினிக்கு மாற்றிக்கொள்வதே வழி. டிவிடி வாசிக்கும் கருவி கணினியில் இல்லாவிட்டால், யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளிக்கருவிகள் கிடைக்கின்றன. டிவிடியானால் முழுத் தட்டையும் ஒரே கோப்பாகப் பிரதியெடுப்பது நல்லது. பட்டியல், பாடற்பிரிவு எல்லாம் அப்படியே வரும். வீசிடியின் கோப்பைச் சாதாரணமாக இழுத்துப் போட்டால் கணினி பிழை காட்டி நின்றுவிடுவது உண்டு. மேலே சொன்ன பாதுகாப்புக் குறையே அதற்குக் காரணம். அப்போது, வாசிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் செல்லும் மென்பொருளைப் பயன்படுத்தினால் பெரும்பகுதியை மீட்கலாம். ஒரு கருவியில் ஓடாத தட்டு இன்னொரு கருவியில் ஓடக்கூடும். லேசர்களின் வலிமையும் கூர்மையும் கருவிக்குக் கருவி வேறுபடும். ஆகவே, ஓடவில்லை என்றதும் எறிந்துவிட வேண்டாம். பற்பசையால் தேய்ப்பது போன்ற கைமருந்துகளை, பிரதியெடுக்கும் எல்லா முயற்சிகளும் தோற்ற பின்னரே நினைத்துப் பார்க்கலாம்.

சிறிய 8 சென்ரிமீற்றர் தட்டுகள் சில வீடுகளில் இருக்கும். வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவந்த கையடக்கக் கமராக்களில் நேரடியாகப் பதிந்தவை அவை. ஒன்றில் அரை மணி நேரம் அளவுக்கே படம் இருக்கும். பதிந்து முடித்தபின் கமராவிலேயே ‘நிறைவுசெய்தல்’ என்ற கட்டளையைக் கொடுத்திருக்காவிட்டால் வேறு கருவிகள் பெரும்பாலும் அவற்றை வாசிக்கமாட்டா. தட்டு வெறுமையானது என்று முடிவுகட்டும் முன், அந்தக் கமரா யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். தட்டை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகைக் கருவிகளில் இவற்றைப் போட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும். இழுப்பறை போல் வெளிவரும் தட்டமுள்ள கருவியின் உட்குழியில் மட்டும் வைக்க வேண்டும்.

பார்ப்பதற்கான கருவி பற்றியும் இரண்டு எச்சரிக்கைகள். பழைய பிளேயர்களிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளுள்ள வயர் வரும். புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் அதற்குரிய துளைகள் இல்லை. எச்டிஎம்ஐ துளையுள்ள பிளேயராகத் தெரிவுசெய்தால் இந்தத் தொல்லை இராது. கனடாவிலிருந்து யாராவது பிளேயர் கொண்டுவந்து தந்தால், பிளக்கைச் செருகும் முன் அதன் பின்புறத்தை வாசியுங்கள். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ற்று, இங்கே 230. இரண்டையும் தாங்கும் என்று எழுதியிருக்காவிட்டால், மின்மாற்றி இல்லாமல் போட்ட கணத்திலேயே கருவி எரிந்துவிடும். கணினியில் பார்ப்பவர்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் வீஎல்சி என்ற மென்பொருள் வீசிடி, டிவிடி இரண்டையும் ஓட்டும்.

பிரதியெடுத்தல் என்று நான் சொல்வது குடும்ப நிகழ்வுகளையும் நமது சொந்தப் பதிவுகளையும் பற்றியது. திரைப்படங்களையும் இசை வெளியீடுகளையும் பிரதிசெய்து விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம். சிறிய முதலீட்டில் ஒரு பாடல் தொகுப்பையோ குறும்படத்தையோ வெளியிட்ட நமது ஊர்க் கலைஞரின் இறுவட்டைக் காசுகொடுத்து வாங்குவதும், பிரதியெடுத்து விநியோகிக்காமல் இருப்பதும் அவருக்குச் செய்யும் நேரடியான உதவி. மறுபுறத்தில், ஊர்க் கோவிலின் பழைய திருவிழாப் பதிவு, கூத்து, கச்சேரி போன்றவை உங்களிடம் இருந்து, பதிந்தவரும் பங்குபற்றியவர்களும் இசைந்தால், அவற்றை ஆவணமாக்கும் வழியும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம், அச்சு வெளியீடுகளோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் சேகரித்து வருகிறது.

வேலையைத் தொடங்க நினைப்பவர் எல்லாத் தட்டுகளையும் ஒரேயடியாக எடுத்துவைத்து மலைக்க வேண்டியதில்லை. வெள்ளி நிறத் தட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். ஊதா, பச்சை, நீலம் எனத் தெரிபவற்றுள் மிகப் பழையதை, அதிலும் விளிம்புவரை நிறைந்ததை முதலில் எடுங்கள். பிரதியெடுத்ததும் கோப்புக்கு ‘வீடியோ 1’ என்று பெயரிடாமல், நிகழ்வு, இடம், ஆண்டு, யாருடையது என்பதைப் பெயரிலேயே எழுதுங்கள். தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்து, ஒரு பிரதியை வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொன்றை வேறு ஊரிலோ நாட்டிலோ உள்ள உறவினரிடமும் வையுங்கள். பழைய தட்டை அதன்பிறகும் எறிய வேண்டாம்; பிரதியில் விடுபட்டுப்போன சில வினாடிகளை நாளை வேறொரு கருவி அதிலிருந்து வாசித்துத் தரக்கூடும்.